கோர்டனின் பம்ப் துவக்கு

ஒக்டோபர் 5, ஞாயிறு

கையெழுத்துக்கு முதலில் மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாள்தான், ஆனால் என் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. ஒன்று பெருக்கிறது, அடுத்தது சுருங்குகிறது. பேனாவை மண்வெட்டி மாதிரி அழுத்துகிறேன் என்று திலகவதி ரீச்சர் சொல்கிறார். உண்மைதான். மூன்று தாளுக்குக் கீழேயும் பள்ளம் விழுந்திருக்கிறது.

ரீச்சர் ரொறன்ரோ நூலகத்தின் பின்னறையில் செவ்வாய்தோறும் எங்களைப் போன்ற கிழடுகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார். வாரம் ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்பது அவருடைய கட்டளை. "நான் வாசிக்க மாட்டன் ஐயா. பக்கம் நிரம்பியிருக்கோ எண்டுதான் பாப்பன். அதாலை பயப்பிடாமல் எழுதுங்கோ" என்றார்.

என் பெயர் ஐயம்பிள்ளை. இதை நானே எழுதினேன். இன்னும் ஒரு தடவை எழுதுகிறேன்: ஐயம்பிள்ளை. எழுபத்தாறு வருடம் இந்தப் பெயரை மற்றவர்கள்தான் எழுதினார்கள். சரியாக எழுதினார்களா, வேறு யாருடைய பெயரையாவது எழுதினார்களா, எனக்கு எப்படித் தெரியும்? இப்போது தெரியும். அதை நினைத்து இன்று முழுதும் சிரித்துக்கொண்டு திரிந்தேன். பால் பெட்டியில் எழுதினேன். உப்புப் போத்தலில் எழுதினேன்.

எழுத வந்த விஷயம் வேறு. கை வலிக்கிறது. நாளைக்கு.

ஒக்டோபர் 6, திங்கள்

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டுக் கோர்டன் தன் துவக்கை விற்கப் போகிறார்.

கோர்டன் வெள்ளைக்காரர், என் வயது. நாங்கள் இருப்பது ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஏரிக்கரையில் ஒரு சிறு பட்டணம். என் மகன் யோகன் வீடு மலிவு என்று இங்கே வாங்கினான். வந்த முதல் இலையுதிர்காலத்திலேயே கோர்டனும் நானும் கூட்டாளிகளாகிவிட்டோம். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீசு அரைகுறை. ஆனால் வானத்தில் பறவை போனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவோம். அதற்குப் பிறகு பேச்சு எதற்கு? நாலு வருடமாக அவருடன் சதுப்புக்குப் போகிறேன். அவர் சுடுவார். பறவைகளை ஏமாற்றி இறக்க நான் பிளாஸ்டிக் தாராக்களை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போய் தண்ணீரில் மிதக்க விடுவேன்.

நவம்பர் கடைசியில் அவர் மகள் இருக்கும் ஊருக்கு, முதியோர் குடியிருப்புக்குப் போகிறார். அங்கே துவக்கு வைத்திருக்க விடமாட்டார்களாம். இன்று அதைத் தன் கராஜ் மேசையில் வைத்து எனக்குக் காட்டினார்.

பம்ப் துவக்கு. முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் வெறும் தோட்டா வெளியே பாய்ந்து அடுத்தது உள்ளே ஏறும். சடக், சடக். வன்னியில் என்னிடம் இருந்தது ஒற்றைக்குழல். ஒரு வெடி வைத்தால் மடித்துத் திறந்து, வெறும் தோட்டாவை நகத்தால் கிண்டி எடுத்து, புதிதை வைத்து மூடுவதற்குள் தாராக் கூட்டம் அடுத்த குளத்துக்குப் போய்விடும். இது அப்படியில்லை. தோளில் வைத்தேன். என் கன்னத்துக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

பழையதுதான். முன்கட்டை ஓடும் இடத்தில் கறுப்பு உரிந்து வெள்ளி தெரிகிறது. ஆட்டினால் கொஞ்சம் கிலுகிலுக்கிறது. கட்டையில் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. அது எண்ணெய் காய்ந்த வெடிப்பா, உள்ளே போன வெடிப்பா என்று பார்க்க வேண்டும்.

குழலுக்குக் கீழே உள்ள தோட்டாக் குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு தடி. பறவை சுடுவதென்றால் மூன்று தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது என்று சட்டமாம். அதனால் தடியை வைத்து இடத்தை அடைத்திருக்கிறார்கள். ஐந்து தோட்டா போகும் துவக்கைச் செய்துவிட்டு அதற்குள் தடி வைக்கிற நாடு இது. எனக்குக் கோபம் வந்தது. கோர்டன் சிரித்தார்.

நான் வாங்குவதென்றால், எனக்குத் துவக்கு லைசன் கையில் வரும்வரை வைத்திருப்பதாகச் சொன்னார். மீன் தூண்டில் கடைக்காரர் ஒருவரும் கேட்டிருக்கிறாராம். அதனால் நவம்பர் ஒன்பதாம் திகதி வரைக்கும்தான் எனக்குத் தவணை.

ஒக்டோபர் 8, புதன்

யோகனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"உங்களுக்கு விசரே அப்பா?" என்றான். இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தோம். "இந்த வயசிலை துவக்கோ?"

"வயசு என்னத்துக்கு? கோர்டனுக்கும் இதே வயசுதான்."

"கோர்டன் துவக்கை விக்கிறார். நீங்கள் வாங்கிறியள்."

அவன் சொன்னது சரி. அதனால் கோபம் கூடியது. கோடையில் நான் துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனபோது இவன்தானே மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கூட்டிப் போனான்? சோதனையை வாயால் சொல்லிச் சித்தியடைந்தபோது கேக் வெட்டினானே? அதைக் கேட்டேன்.

"அது உங்களுக்குப் பொழுதுபோக்கா இருக்கட்டும் எண்டு. உண்மையிலை வாங்குவியள் எண்டு ஆர் கண்டது?"

எனக்குப் பொழுதுபோக்குக் காட்டினானாம். பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவது மாதிரி.

பிறகு குரலைத் தாழ்த்தி, தாயை ஒருதரம் பார்த்துவிட்டு, "அம்மாவை யோசியுங்கோ. துவக்கைக் கண்டா அவவுக்கு என்னென்ன ஞாபகம் வரும். அந்தச் சண்டைக்குள்ளாலை வந்த மனுசி" என்றான்.

என் மனைவி பாக்கியம் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எடுத்துத் தருவதற்கில்லை, தன் தட்டில்தான்.

ஒக்டோபர் 11, சனி

விடியவே கோர்டனுடன் சதுப்புக்குப் போனேன். மூடுபனி. நாணல் எல்லாம் வெள்ளை. தண்ணீர் காலணிக்குள் வரவில்லை, ஆனால் குளிர் வந்தது.

முதலில் வாத்திலும் சின்னதான தாராக்கள் வந்தன. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டன. பிறகு வாத்துகள். கன்னம் வெளுத்த, ஆட்டுக்குட்டி அளவு பெரிய வாத்து. அவை கத்திக்கொண்டு வருவது தூரத்தில் சந்தை கூடுவது மாதிரிக் கேட்கும். கோர்டன் குனிந்திருந்தார். எழுந்து இரண்டு வெடி. இரண்டும் பிழைத்தன. "தோள்" என்று நோகிற தோளைத் தொட்டுக் காட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தத் துவக்கை அவர் வைத்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நானாக இருந்தால் பறவைக்கு முன்னால் ஒரு முழம் விட்டுச் சுட்டிருப்பேன். கை துடித்தது. லைசன் இல்லாமல் பறவை சுட எனக்கு அனுமதியில்லை.

இப்போது எழுதும்போதும் துடிக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கம் இவ்வளவு மோசம்.

துவக்கை வாங்குவதா வேண்டாமா என்று இனி யோசிக்க ஒன்றுமில்லை. வெடிப்பு எண்ணெய் காய்ந்த வெடிப்புத்தான். நகத்தை வைத்துப் பார்த்தேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மருமகள் வதனி வேலைக்குப் போகும் வழியில் என்னை நூலகத்தில் இறக்கிவிட்டாள். லைசன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். ரீச்சர் இங்கிலீசில் நிரப்பித் தந்தார். எல்லாம் நிரம்பியது. கடைசியில் ஒரு இடம். மனைவி கையெழுத்து.

"எதுக்கு ரீச்சர்? துவக்கு எனக்குத்தானே?"

"வீட்டிலை ஆக்களுக்குப் பயமோ எண்டு பாக்கினம் ஐயா. அவ கையெழுத்து வைக்காட்டில், அவவோடை கதைச்சுக் கேப்பினம்."

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் தாளை நீட்டினேன். அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இதிலை ஒரு கைநாட்டு வையும்."

"என்னத்துக்கு?"

"துவக்குக்கு."

"எனக்கு விருப்பமில்லை."

"ஏன்?"

"விருப்பமில்லை எண்டா விருப்பமில்லை. கத்தரிக்காய் கறுக்கப் போகுது, தள்ளி நில்லுங்கோ."

ஐம்பத்துநாலு வருடக் குடும்பத்தில் இவள் எனக்கு முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னதாக நினைவில்லை. யோகன் ஓடி வந்து, "நான் சொன்னன்தானே அப்பா, அவவுக்கு அந்த ஞாபகங்கள்" என்று மறுபடி தொடங்கினான். அவனையும் ஏசினேன். என் ஒற்றைக்குழலைப் பிரச்சினை முற்றிய வருடம் கேட்டார்கள், கொடுத்தேன். யார் கேட்டார்கள் என்று எழுதப் போவதில்லை. அதற்கும் கோர்டனின் துவக்குக்கும் என்ன சம்பந்தம்?

ஒக்டோபர் 15, புதன்

பாக்கியம்.

நல்ல வடிவாக வந்திருக்கிறது. 'க்' மேலே புள்ளி சரியாக விழுந்திருக்கிறது. இதை நான் முதலில் இந்தக் கொப்பியில் பழகினேன். பிறகு விண்ணப்பத்தில் எழுதினேன். ஊரில் புருசன்தானே எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைப்பான்? கூப்பன் கடையில், அரசாங்கக் கச்சேரியில், சங்கக் கடையில். எனக்குத் தெரியாது என்பதால் ஊர் அதிகாரி விதானையார் எனக்காக வைத்தார், நான் பெருவிரலை உருட்டினேன். இப்போது எனக்குத் தெரியும். என் மனைவியின் பெயரை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

தபாலில் போட்டாயிற்று.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஆட்டுக்கறி. யாரும் யாருடனும் பேசவில்லை.

ஒக்டோபர் 30, வியாழன்

இன்று நடந்ததை எழுத இரண்டு மணி நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். கோபத்தில் நித்திரையும் வரப் போவதில்லை.

பின்னேரம் தொலைபேசி. யோகன் எடுத்துவிட்டுத் தாயைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தான். துவக்கு லைசன் ஆட்கள். ஒரு மனிதன் இங்கிலீசில் பேசினான். அதை ஒரு பெண் தமிழில் சொன்னாள். இந்தியத் தமிழ்.

"வணக்கம்மா. உங்க வீட்டுக்காரர் துப்பாக்கி லைசென்சுக்கு எழுதியிருக்காரு. அதுல இருக்கிற கையெழுத்து நீங்க போட்டதுதானே?"

"ஆற்றை கையெழுத்து?"

"பாக்கியம்னு தமிழ்ல இருக்கும்மா."

"எனக்கு எழுதத் தெரியாது பிள்ளை. அது இவர். இப்பதான் எழுதப் பழகுறார். பால் பெட்டியிலையும் எழுதிக் கிடக்கு, உப்புப் போத்திலிலையும் எழுதிக் கிடக்கு. இடம் கண்ட இடமெல்லாம் எழுதிப் போடுவார்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு அடக்கிக்கொண்டு இங்கிலீசில் சொன்னாள். அந்த மனிதன் சிரிக்கவில்லை. யோகன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

"அது சட்டப்படி தப்புன்னு சொல்றாரும்மா. அவரு உங்களை மிரட்டினாரா?"

"மிரட்டவோ? இவரோ?" பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இல்லைப் பிள்ளை."

"வீட்ல துப்பாக்கி இருந்தா உங்களுக்குப் பயமா இருக்குமா?"

யோகன் தாய்க்குப் பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தான். "சொல்லுங்கோ அம்மா. அந்த நேரம் நடந்ததுகளைச் சொல்லுங்கோ."

"கையை எடு" என்றாள் பாக்கியம். "எனக்கென்ன பயம்? இருபது வருஷம் துவக்குத் தொங்கின வீட்டிலை படுத்து எழும்பினவள் நான்."

"அப்போ ஏம்மா கையெழுத்துப் போடலை? ஏதாவது காரணம் இருக்கா?"

"ஓம், இருக்கு. இறகு."

"என்னம்மா?"

"இறகு பிள்ளை, இறகு. குருவியின்ரை இறகு. இவர் சுட்டுக்கொண்டு வந்து முத்தத்திலை போட்டிட்டுக் காலைக் கழுவிப்போட்டுப் படுப்பார். ஒரு சாக்குத் தாரா. ஆர் பிடுங்கிறது? நான். கலியாணம் கட்டி வந்த கிழமையே பிடுங்கினனான். வயித்திலை பிள்ளையோடை பிடுங்கினனான். மழைக்குள்ளை, அடுப்புப் புகைக்குள்ளை இருந்து பிடுங்கினனான். துவக்குப் போன பிறகு வலை போட்டுப் பிடிச்சார். அதுவும் நான்தான். ஊருக்கெல்லாம் பங்கு போகும். எல்லாரும் ஐயம்பிள்ளையற்றை தாரா, ஐயம்பிள்ளையற்றை தாரா எண்டுவினம். ஒருத்தராவது பாக்கியத்தின்ரை தாரா எண்டு சொன்னவையோ? இறகு என்ரை மூக்குக்குள்ளை, சோத்துக்குள்ளை, பிள்ளையின்ரை ஏணைத் தொட்டிலுக்குள்ளை. இப்ப விரல் மடங்குதில்லை. இனி ஒரு இறகு நான் தொடமாட்டன். இதை அந்த மனுசனுக்குச் சொல்லு."

 அந்தப் பெண் அதைச் சொன்னாள். இங்கிலீசில் அது மிகச் சின்னதாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதன் நீளமாகப் பேசினான்.

"அது பாதுகாப்புக் காரணம் இல்லைன்னு சொல்றாரும்மா. உங்ககிட்ட கேட்டாச்சு, அதனால உங்க கையெழுத்து இல்லாமலே விண்ணப்பம் போகும். ஐயா புதுசா ஒரு ஃபார்ம் அனுப்பணும். இனிமே இப்படி எழுதக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லச் சொன்னாரு. இன்னொரு தரம் நடந்தா லைசென்சே கிடையாதாம்."

சட்டம் என் பக்கம்! நான் மேசையில் அடித்தேன்.

"ஓமோ" என்றாள் பாக்கியம். "நல்லது. வாங்கட்டும்." தொலைபேசியை நிறுத்தத் தெரியாமல் துணியால் மூடினாள்.

முப்பது வருடம் செய்துவிட்டு இப்போது, ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணிடம், ஒரு அரசாங்க மனிதனிடம் சொல்கிறாளே என்று எனக்கு நெஞ்சு வெந்தது. "என்னட்டை ஒருக்காவாவது சொன்னனீரோ?" என்று கத்தினேன்.

"சொன்னனான். நீங்கள் துவக்குத் துடைச்சுக்கொண்டிருந்தியள்."

ஒக்டோபர் 31, வெள்ளி

புது விண்ணப்பம் அனுப்பியாயிற்று. என் பெயர் மட்டும். அடுத்த கிழமை முடிவதற்குள் லைசன் வருமா தெரியாது. லைசன் பிந்தினாலும் பரவாயில்லை, வாங்குகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நவம்பர் கடைசி வரை வைத்திருப்பதாகக் கோர்டன் சொல்கிறார். ஒன்பதாம் திகதிக்குள் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

இறகு பிடுங்குவது என்ன பெரிய வேலையா? நானே பிடுங்குவேன்.

நவம்பர் 1, சனி

கோர்டன் இன்று இரண்டு வாத்து சுட்டார். இரண்டையும் எனக்குத் தந்தார். ஒன்றைக் கராஜில் குளிரில் தொங்கவிட்டேன். மற்றதைப் பின்வளவில் வைத்துத் தொடங்கினேன்.

கோழிக்குச் செய்வது மாதிரி கொதிநீர் ஊற்றினேன். தண்ணீர் சேம்பிலையில் ஊற்றினது மாதிரி உருண்டு ஓடிவிட்டது. ஒரு இறகும் இளகவில்லை. இன்னொரு பானை ஊற்றினேன். அதுவும் ஓடிவிட்டது. பாத்திரத்துக்குள் முழுதாக அமுக்கினேன். எழும்பி வந்தது. செத்த பறவைக்கு இவ்வளவு பிடிவாதமா? அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்துப் பார்த்தால் இறகு அப்படியே இருக்கிறது, தோல் வெந்து இழுக்க இழுக்கக் கிழிகிறது.

பெரிய இறகு போனாலும் கீழே பஞ்சு. பஞ்சு விரலில் ஒட்டுகிறது. விரலில் இருந்து எடுத்தால் மற்ற விரலில் ஒட்டுகிறது. உதறினால் மூக்கில் போகிறது. பாக்கியம் யன்னலுக்குள்ளால் பார்த்தாள். திரையை இழுத்து மூடிவிட்டுத் தொலைக்காட்சி நாடகத்தின் சத்தத்தைக் கூட்டினாள்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்றும் அதே வாத்து.

வதனி சலவை இயந்திரத்துக்குள் இருந்து ஒரு கைப்பிடி பஞ்சை எடுத்துக் காட்டினாள். "மாமா, இது என்ரை வேலைச் சட்டை" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். மன்னிப்புக் கேட்டேன். அந்த வாத்து சமைக்கிற நிலையில் இல்லை. கிழங்கு நட்ட பாத்தியில் புதைத்தேன். புதைக்கும்போது வாய்விட்டு ஏசினேன். யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நவம்பர் 4, செவ்வாய்

நல்ல செய்தி! கோர்டனிடம் போய் என் விரல்களைக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே யாரும் இறகு பிடுங்குவதில்லையாம். தான் சுட்ட ஒரு வாத்தை எடுத்து மேசையில் மல்லாக்கப் போட்டார். நெஞ்செலும்பின் மேல் கத்தியால் ஒரு கோடு. தோலை இரண்டு பக்கமும் சட்டையைத் திறப்பது மாதிரித் திறந்தார். நெஞ்சு இறைச்சி இரண்டு துண்டாக வழுவழுவென்று வந்துவிட்டது. ஒரு இறகு பறக்கவில்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மிச்சத்தைக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டினார்.

ஓடி வந்து பாக்கியத்திடம் சொன்னேன். இனி என்ன தடை? இறகும் இல்லை, பஞ்சும் இல்லை. அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நெஞ்சை மட்டுமோ எடுக்கிறவை?"

"ஓம், நெஞ்சை மட்டும்."

"கழுத்து?"

"எறியிறது."

"செட்டை? முதுகெலும்பு? ஈரல்?"

"எல்லாம் பையிலை போட்டுக் குப்பைக்கு. வேலை சுகம்."

 வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உந்த வெள்ளையன் குப்பையிலை போடுறதைத்தான் நான் முப்பது வருஷமாத் திண்டனான்."

நவம்பர் 5, புதன்

நெஞ்சு எனக்கும் வீட்டுக்கு வந்தவர்களுக்கும். தொடை பிள்ளைகளுக்கு. இன்னொரு தொடை விதானையார் வீட்டுக்கு, ஒரு பங்கு வலை தந்தவனுக்கு. இதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. பாக்கியம் என்ன சாப்பிட்டாள் என்பது நினைவில்லை. எங்கே இருந்து சாப்பிட்டாள் என்பதும் நினைவில்லை. ஏதோ சாப்பிட்டிருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளே.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 8, சனி

கராஜில் தொங்கிய இரண்டாவது வாத்தை இறக்கினேன். கோர்டனின் கத்தி வித்தை எனக்கு வேண்டாம் என்று தீர்மானித்திருந்தேன். முழுப் பறவையாகவே பிடுங்குவது.

சமையலறை வாசலில் போய் நின்றேன். ஒரு கேள்வி கேட்பதற்கு இவ்வளவு நேரம் எனக்கு எப்போதும் எடுத்ததில்லை.

"பஞ்சு வழுக்காமல் இருக்க என்ன செய்யிறனீர்?"

திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "சாம்பல்."

"கொதிதண்ணி?"

"தண்ணி தொடக் கூடாது."

கோர்டனின் இறைச்சி வாட்டும் அடுப்பில் இருந்து சாம்பல் வாங்கி வந்தேன். விரலில் தேய்த்துக்கொண்டு, தோலை இடது கையால் இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினேன். காலையில் தொடங்கியது, மத்தியானச் செய்தி முடிந்த பிறகுதான் பறவைக்கு உடம்பு தெரிந்தது. பெருவிரலின் அடி எலும்பு வலித்தது. சுட்டுவிரல் மடங்கவில்லை. ஒரு பறவைக்கு. ஒரு சாக்கில் எத்தனை இருந்தன என்று நான் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

வெட்டி, தூள் போட்டு, பிரட்டலாகச் சமைத்தேன். யோகனும் வதனியும் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். பாக்கியத்தை இருக்கச் சொன்னேன். நெஞ்சு இறைச்சி முழுவதையும் அவள் தட்டில் வைத்தேன். கழுத்தையும் செட்டையையும் என் தட்டில் போட்டுக்கொண்டேன்.

அவள் தட்டையே பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மெதுவாக மென்றாள். இன்னொரு துண்டு. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுவோ?" என்றாள்.

"என்ன இதுவோ?"

"இதுக்குத்தானோ நீங்கள் எல்லாரும் அடிபட்டனீங்கள்? சப்பெண்டு கிடக்கு. வைக்கோலைச் சப்பின மாதிரி." அவள் கண் என் தட்டுக்கு வந்தது. "கழுத்திலைதான் ருசி. எலும்புக்குள்ளை இருக்கு. உங்களுக்கு அதைச் சூப்பத் தெரியாது. கொண்டாங்கோ இஞ்சை."

என் தட்டில் இருந்து கழுத்தை எடுத்துக்கொண்டாள். நெஞ்சை எனக்குத் தள்ளினாள். எலும்பின் முடிச்சு ஒவ்வொன்றாகக் கழற்றி, உறிஞ்சி, விரலை நக்கி, வேறு ஒன்றையும் பார்க்காமல் சாப்பிட்டாள். நான் அந்த வைக்கோலைத் தின்றேன். வைக்கோல்தான். முப்பது வருடம் அதைத்தான் தின்றிருக்கிறேன், பெருமையாக.

யார் யாரை ஏமாற்றினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் கோபத்தோடுதான் கை கழுவினோம்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில், இன்னும் மடங்காத விரலோடு கோர்டன் வீட்டுக்குப் போய், வாங்கவில்லை என்று சொன்னேன்.

ஏன் என்று கேட்டார். தோள் நோகிறது என்று சொல்லி, அவர் செய்வது மாதிரியே தோளைத் தொட்டுக் காட்டினேன். என் தோளுக்கு ஒரு குறையும் இல்லை. விலையைக் குறைப்பதாகச் சொன்னார். பிறகு சும்மாவே எடுத்துக்கொண்டு போ என்றார். அவர் கண் கலங்கினது. எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் தூண்டில் கடைக்காரர் சிவப்பு லொறியில் வந்தார். உறையில் போட்டு, பின் இருக்கையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு போனார். வைக்கும் முன் ஒருதரம் இழுத்துப் பார்த்தார். சடக், சடக். எங்கள் வாசல் வரைக்கும் கேட்டது.

யோகன் வந்து என் முதுகைத் தட்டினான். "நல்ல முடிவு அப்பா. அம்மாவின்ரை மனசிலை இருக்கிற காயம் உங்களுக்கு விளங்கினதே பெரிய விஷயம்." தொலைபேசியில் தன் காதாலேயே கேட்டவன் இவன்! இன்னமும் அவனுக்கு அந்தக் காயம்தான் வேண்டியிருக்கிறது. கையைத் தட்டிவிட்டேன்.

பாக்கியத்திடம் போய், துவக்குப் போய்விட்டது என்று சொன்னேன். ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன், ரீச்சர் வாசிக்க மாட்டாரல்லவா.

"ஆர் உங்களை வாங்க வேண்டாமெண்டது?" என்றாள்.

"நீர்தானே!"

"நான் பிடுங்க மாட்டன் எண்டுதான் சொன்னனான். வாங்க வேண்டாமெண்டு எப்ப சொன்னனான்? நேற்று நல்லாத்தானே பிடுங்கினீங்கள். கழுத்திலை ஒரு பஞ்சும் இல்லை."

 வாசலுக்கு வந்து பார்த்தேன். லொறி போய் நெடுநேரமாகிவிட்டது. மேலே வாத்துக் கூட்டம் ஒன்று தெற்கே கத்திக்கொண்டு போனது. தலையைத் தூக்கவில்லை. தூக்கினேன், பிறகு இறக்கிவிட்டேன்.

என் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. பாக்கியம். அவளும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரிய கூட்டம்" என்றாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவளும் உள்ளே போகவில்லை.

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறும்வரை காத்திருந்தால் எழுத்து மறந்துவிடும். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை கோபத்தோடாவது வந்து உட்கார்ந்து ஒரு பக்கம் நிரப்புவேன்.